ஓட்டைக் கதவுக்கு ஒரு வலை

தை அமாவாசை அன்று இந்தப் பக்கம் பஸ் ஏறாதீர்கள். முழுக்குப் போடுகிறவர்கள் போகட்டும். எனக்கு அந்த நோக்கம் இல்லை.

கிழிந்த மீன்வலைகளைச் சேர்த்துவைக்கும் ஒரு கிடங்கைப் பார்க்கப் போனேன். வீசி எறிந்த நைலான் வலை கடலுக்குள் கிடந்தால், ஆளே இல்லாமல் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். ஆமை மாட்டும். அதனால் கரையிலேயே சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்வி. வாசகர்கள் சிலர் விவரம் கேட்டிருந்தார்கள். ஒரு நாள் விடுப்பு கையில் இருந்தது.

தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிக்கு நாகப்பட்டினம் பஸ். திருவாரூர் வரை நின்றுகொண்டு. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் சம்பா, பழுத்தது பாதி, பச்சை பாதி. சரியாகப் பார்க்க முடியவில்லை, என் முகத்துக்கு நேரே ஒருவருடைய பித்தளைச் செம்பு. கீழ்வேளூரில் இறங்கியபோது பத்து. அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோ, சுமார் பதினைந்து கிலோமீட்டர், நானூறு ரூபாய். டிரைவர் பெயர் செந்தில்.

"முழுகவா சார்?"

"இல்லைங்க. வலைக் கிடங்கு பாக்கணும்."

"வலையவா?" கண்ணாடியில் என்னை ஒருமுறை சரிபார்த்தார். "கிழிஞ்ச வலையவா? நானூறு ரூபா குடுத்தா?"

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் பிறகு புரியும்.

கடற்கரை சுத்தமாக இருந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். வலைத் துண்டு இல்லை, கயிறு இல்லை. சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நீலத் தகரக் கொட்டகை. சுவரில் ஓர் ஆமை, பல் தெரியச் சிரிக்கிறது. ஆமைக்குப் பல் கிடையாது. கதவில் பூட்டு.

பொறுப்பாளர் அரவிந்த் முந்தின வாரமே பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பன்னிரண்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கடல் உயிரியல் படித்தவர். பூட்டைத் திறந்தார். உள்ளே கூரை வரை வலை. பச்சை, நீலம், காய்ந்த பாசி நாற்றம்.

"லாரி எப்ப வரும்?"

"மூணு மாசமா வரலைங்க."

அப்போதுதான் ஸ்கூட்டியில் ஓர் அம்மா வந்தார். தமிழரசி. நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மூன்று ஏக்கர் சொந்தம், இரண்டு குத்தகை, எல்லாம் கடைமடையில். வண்டியை நிறுத்தாமலே பேச ஆரம்பித்தார்.

"தம்பி, ரெண்டே ரெண்டு வலை. பெருசா. சாயங்காலம் ஓதம் ஏறும்."

"குடுக்கக் கூடாதுக்கா. எடை போட்டு மேல அனுப்பியாச்சு."

"மேலன்னா எங்க? ஆகாசத்துக்கா?"

"சென்னைக்கு."

"வலை இங்க கெடக்கு, எடை மட்டும் சென்னைக்குப் போயிருச்சா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆற்றின் கடைசியில் ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. ஐந்து இரும்பு ஷட்டர். கடல் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஏறாமல் தடுக்கும் கதவு. மூன்றாவது ஷட்டரின் அடிப்பகுதி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் கூடுதலாக ஏறும், அதுதான் ஓதம். ஓட்டை வழியே உப்பு உள்ளே வரும். தமிழரசியின் பயிர் பால் பிடிக்கிற நேரம். மேலே ஆற்றில் முறை வைத்துத் திறப்பதை நிறுத்திவிட்டார்கள், இனித் தண்ணீர் வராது. வாய்க்காலில் நிற்பதுதான் கடைசி நனைப்புக்கு. அது உப்பானால் அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருடமும் கரையில் கிடக்கும் பழைய வலையை எடுத்துப்போய், வைக்கோலும் களிமண்ணும் வைத்துச் சுருட்டி, ஓட்டையில் அடைத்துவிடுவார்களாம். சாக்கு நிற்காது, துரு கிழித்துவிடும். இந்த வருடம் கரையில் வலை இல்லை. கரை சுத்தம்.

ஒரு திட்டம் கடலைக் காப்பாற்றுகிறது. இன்னொரு திட்டம் வயலைக் காப்பாற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பூட்டு.

அரவிந்த் மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை.

"போன வருசம் உங்க பொட்டலம் ஒண்ணு பிச்சிக்கிட்டுப் போச்சுக்கா. ஒரு ஆமை கழுத்துல சுத்திக் கரை ஒதுங்குச்சு. நான்தான் அறுத்து எடுத்தேன். செத்தப்புறம்."

"அதுக்கு நான் என்ன செய்ய? பொதுப்பணிக்காரங்ககிட்ட மூணு மனு குடுத்தாச்சு. எஸ்டிமேட் போயிருக்காம். அதுவும் சென்னைக்குத்தான்."

அரவிந்த் யாருக்கோ போன் செய்தார். தள்ளிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தார்.

"மெயில் போடச் சொல்றாங்க."

ஓதம் மெயில் பார்ப்பதில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு அந்த ஊரில் என்ன உரிமை? கொட்டகைக்குள் எத்தனையோ பேருக்குப் போதுமான வலை. வெளியே ஒரு பெண், ஸ்கூட்டியை அணைக்காமல்.

சவுக்கு நிழலில் ஒருவர் வலை சீர்செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கலியமூர்த்தி. ஃபைபர் போட் வைத்திருப்பவர். அமாவாசை என்று கடலுக்குப் போகவில்லை.

"ஏம்மா, அந்தக் கதவு நாசமாப் போவணும்னு நாங்கதான் வேண்டிக்கிட்டோம். அது எறக்குனதுலேருந்து முகத்துவாரம் மணல் மூடிப் போச்சு. போட்டு அடி தட்டுது."

"வேண்டுனது பலிச்சிருச்சுண்ணே. பாதி நாசமாப் போயிருச்சு. வந்து பாருங்க."

"அறுத்து முடிச்சதும் அஞ்சு கதவையும் தூக்குவீங்களா? தண்ணி ஓடுனாத்தான் மணல் நகரும்."

"அது என்ன எங்க வீட்டுக் கதவா? கதவு தூக்குற லஸ்கர்கிட்ட சாவி இருக்கு. லஸ்கருக்கு மேல ஒருத்தர் இருக்காரு. அவருக்கு மேல..."

"சென்னை," என்றார் செந்தில், ஆட்டோவுக்குள்ளிருந்து. அவரை யாரும் கேட்கவில்லை.

கலியமூர்த்தி மடியில் இருந்த வலையைப் பார்த்தார். பிறகு எழுந்து படகுக்குப் போய், வேறொரு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஓரமெல்லாம் கிழிசல். ஆனால் நடுவில் இன்னும் மீன் நிற்கும், எனக்கே தெரிந்தது. ஈயக்குண்டுகளை அறுத்து உதறினார்.

"இது எடை போடாத வலை," என்றார், அரவிந்தைப் பார்த்து. "நடங்க."

ரெகுலேட்டர் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவின் பின்சீட்டில் வலை, வைக்கோல், நான். மூன்று மணி வாக்கில் கடல் வற்றி இருந்தது. கடல் பக்கம் முழங்கால் அளவு சேறு. ஓதம் ஏறும்போது அந்த அழுத்தமே பொட்டலத்தை ஓட்டைக்குள் தள்ளும், அதனால் அந்தப் பக்கம்தான் வைக்க வேண்டுமாம். கலியமூர்த்தி இறங்கினார். தமிழரசி இறங்கினார். செந்தில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, "வெயிட்டிங் சார்ஜ் தனி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் மேலே நின்று கயிற்றைப் பிடித்தேன். கயிறு பிடிக்க ஆள் தேவையா என்பது தெரியவில்லை. கொடுத்தார்கள், பிடித்தேன்.

பாதி வேலையில் பைக் சத்தம். அரவிந்த். சிரிக்கும் ஆமை போட்ட டீ-ஷர்ட்டோடு. கையில் புதுக் கயிறு ஒரு கட்டு. பொட்டலத்தை இரும்புத் தூணில் நான்கு இடத்தில் கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் தொங்கிப் பார்த்தார்.

"இது பிச்சிக்கிட்டா என் வேலை போயிரும்."

"பிச்சிக்கிட்டா என் பயிரு போயிரும். சேத்துக் கட்டு," என்றார் தமிழரசி.

ஐந்தரைக்கு முடிந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. அன்றிரவு நாகப்பட்டினத்தில் தங்கினேன். அறை தொள்ளாயிரம், கொசு இலவசம். படுத்துக்கொண்டு கோபப்பட்டேன். ஒரு இரும்புத் தகடு. ஒரு வெல்டிங் ஆள். அரை நாள் வேலை. அதற்குப் பதில் இத்தனை பேரும் ஒரு வலையும் ஒரு ஆமையின் சாவும்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்பப் போனேன். எனக்கே காரணம் தெரியவில்லை. தமிழரசி வாய்க்கால் படியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்தார். துப்பினார்.

"உப்புங்களா?"

"உப்புதான்." இன்னொரு வாய். துப்பினார். "ஆனா நேத்து இருந்த உப்பு. புதுசா ஏறல."

எழுந்து தண்ணீர் இறைக்க எஞ்சினைப் போடப் போய்விட்டார்.

போக விரும்புகிறவர்களுக்கு (ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் தனியாக எழுதிக் கேளுங்கள்). தஞ்சாவூரிலிருந்து காலை ரயிலும் உண்டு, அமாவாசை தவிர்த்த நாட்களில் உட்கார இடம் கிடைக்கும். கடற்கரையில் கடை இல்லை, கீழ்வேளூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஆட்டோவுக்குத் திரும்பும் காசையும் பேசிவிட்டு ஏறுங்கள். எனக்கு மொத்தம் ஆயிரத்து இருநூறு ஆனது, சேறு உட்பட. கிடங்கைப் பார்க்க முன்கூட்டியே போன் செய்யுங்கள், பிறகு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான கடற்கரையைப் படம் எடுங்கள், தவறில்லை. ஆனால் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய் அந்தக் கதவையும் பாருங்கள். கடற்கரை எங்கே முடிகிறது என்பது சென்னையில் இருப்பவர்களுக்குத்தான் தெளிவாகத் தெரிகிறது. அங்கே நிற்கும்போது தெரிவதில்லை.

இதை எழுதிவைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நேற்று செந்திலுக்குப் போன் செய்தேன்.

அறுத்தாயிற்றாம். பள்ளத்து வயலில் கொஞ்சம் பதர், மற்றது தேறிவிட்டது. லாரி வந்துவிட்டது, கொட்டகை காலி. இப்போது கலியமூர்த்தி தன் வலையைத் திருப்பிக் கேட்கிறாராம். அறுத்தாலும் மண்ணில் உப்பு ஏறிவிடும், பௌர்ணமி வரட்டும், அடுத்த அமாவாசையும் வரட்டும் என்று தமிழரசி தர மறுக்கிறாராம். அது கடலில் பயன்பட்ட வலை, கிடங்கில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று அரவிந்த் தினமும் வந்து முடிச்சைப் பார்த்துவிட்டுப் போகிறாராம்.

"கிழிஞ்ச வலை சார். மூணு பேரு கேக்குறாங்க."

"கதவு?"

"கதவ யாரு சார் கேக்குறா?"