ஆள் என்ற கட்டம்

ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டு ஒப்பந்தத்தில் அதே தொழிற்சாலைக்குப் போய் வருகிறேன். இது ஆறாவது ஆண்டு. வண்டிகளுக்கு இரும்புப் பின்கள் செய்கிற இடம். கம்பெனி பஸ்ஸில் நாற்பத்தெட்டு இருக்கை. எனக்கு மூன்றாவது வரிசை ஜன்னல். பஸ்ஸிலிருந்து இறங்கினால் என் மேசைக்கு இருநூற்றுப் பதினாறு எட்டு வைக்க வேண்டும். முழங்கால் வலிக்கிற நாளில் இருநூற்று நாற்பது ஆகும். நான் சொல்லப்போகும் வாரம் முழுக்க இருநூற்று நாற்பதுதான்.

இயந்திரங்களில் ஏதாவது நடந்தால் அதற்குப் பதில் செய்கிற, பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கதவு திறந்தால் ஒரு விளக்கு, சூடு ஏறினால் ஒரு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு சின்ன நிரல் துண்டு, எழுதி வைத்திருக்கிறேன். எண்ணெய்த் தொட்டியில் வேலை செய்யும் அம்மாள் முதன்முதலில் இந்தச் சொல்லைக் கேட்டபோது, "எத்தனை ஃபங்ஷன் சார் வச்சிருக்கீங்க?" என்றார். அறுபத்திரண்டு என்றேன். "அத்தனைக்கும் சாப்பாடு உண்டா, இல்ல காபியோட அனுப்பிடுவீங்களா?" வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. ஏழு வருடமாக ஒப்பந்தத்தில்தான் இருந்தார்.

ஃபங்ஷனின் பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி வரும். தான் என்னென்ன வாங்கிக்கொள்ளும் என்று அது அங்கே சொல்லிவிட வேண்டும். என் ஃபங்ஷன்கள் எல்லாம் மூன்று வாங்கும்: எந்த இயந்திரம், என்ன நிகழ்வு, எவ்வளவு அளவு. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று. எண்ணிக்கை ஒழுங்காக இருந்தால்தான் எனக்கு நிம்மதி. முதல் இரண்டுக்கு இங்கிலீஷ்ப் பெயர்; மூன்றாவதற்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழ்ப் பெயர் வைத்திருந்தேன். அதன் பெயர் 'அளவு'. இவற்றை ஓடவைக்கும் பழைய மென்பொருள் பெயரைப் பார்க்காது. வரிசைப்படி மூன்றைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

ஒரே ஓர் இடத்தில்தான் நான் தளர்ந்தேன். ஒருமுறை கேபிள் கழன்று அளவு வராமல் போய், ஃபங்ஷன்கள் வரிசையாக விழுந்தன, அதாவது பிழை காட்டி நின்றுபோயின. அதன் பிறகு, அளவு வராவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என எல்லாவற்றிலும் எழுதிவிட்டேன். சோம்பல்தான். வேறு பெயர் சொல்ல முடியாது.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டார்கள். கணினிப் பிரிவில் இருக்கும் திருநெல்வேலிக்காரம்மா என் மேசைக்கே வந்து சொன்னார்.

"சார், இனிமே மூணும் வாங்கணும்னு கட்டாயமில்ல. அளவு மட்டும் போதும்னா அத மட்டும் கேக்கலாம். ஒண்ணுமே வேண்டாம்னா அடைப்ப சும்மா விட்டுரலாம். எது கேக்குதீங்களோ அதத்தான் தரும். பேர மட்டும் பாத்துக்கிடுங்க."

முதல் மூன்று வாக்கியத்திலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வருகிறவர்கள் இஷ்டத்துக்கு வாங்கிப் போக இது என்ன பந்தியா? கடைசி வாக்கியம் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. ஒரு சோதனை செய்தேன். கதவைத் திறந்தேன், கதவு விளக்கு எரிந்தது. சரி என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். கதவு விளக்குக்கு அளவு தேவையில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

அடுத்த நாள் முதல் ஷிஃப்டில் அது நடந்தது. பின்களைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்குவார்கள். எண்ணெய் எண்பது டிகிரியைத் தாண்டினால் பின் சரியாக இறுகாது. அதனால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், எண்ணெய்த் தொட்டி அம்மாள் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பின்கள் வீணாயின.

ஷிஃப்ட் பொறுப்பாளர் மதுரைக்காரர், கெட்டவரில்லை, அவசரக்காரர். எங்கள் பழுது அறிக்கையில் காரணத்துக்கு நான்கு கட்டம் உண்டு: ஆள், இயந்திரம், பொருள், முறை. மதியத்துக்குள் அவர் 'ஆள்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, அந்த அம்மாளின் பெயரை எழுதி, மெமோவும் கொடுத்துவிட்டார். நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை மேலே போக வேண்டும். மெமோ இருந்தால் பெயர் போகாது.

கேன்டீனில் பக்கத்து மேசை அந்த அம்மாளைச் சீண்டிக்கொண்டிருந்தது. "ஊர்ல மாங்கா சீசனாச்சே, தோப்பு நெனப்புல நின்னுட்டியாக்கா?"

"நீ வந்து நில்லு அங்க. அந்தச் சூட்டுல உனுக்கு மாங்கா நெனப்பு வருதா பாக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "லைட்டே எரியல சார். நா அங்கயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஏழு வருசமா அந்த லைட்டத்தான் பாக்கறேன். என் பிள்ளைங்க மூஞ்சியக்கூட அவ்ளோ பாத்ததில்ல."

புதன்கிழமை காலை கணினிப் பதிவுகளைத் திறந்து எண்ணினேன். அந்த ஷிஃப்டில் எண்ணெய்ச் சூட்டின் ஃபங்ஷன் நாற்பத்தொரு முறை ஓடியிருந்தது. நாற்பத்தொரு முறையும் அளவு பூஜ்யம். பூஜ்யம் டிகிரி எண்ணெய். மார்கழியில்கூட எங்கள் ஓசூரில் அவ்வளவு குளிர் கிடையாது.

புதிய பதிப்பு பெயரைப் பார்த்துக் கொடுக்கிறது. அது வைத்திருப்பது இங்கிலீஷ்ப் பெயர். நான் கேட்டது 'அளவு'. அப்படி ஒன்று தன்னிடம் இல்லை என்று அது பேசாமல் விட்டுவிட்டது. என் ஃபங்ஷனும் நான் சொல்லி வைத்தபடி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யம் எண்பதைத் தாண்டாது. நான் அந்தத் தளர்வை எழுதாமல் இருந்திருந்தால் ஃபங்ஷன் விழுந்து, கூச்சல் போட்டு, எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அறுபத்திரண்டில் அளவைப் பார்ப்பவை இருபத்து மூன்று. பெயரை மாற்ற ஒன்றுக்கு அரை நிமிடம். மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தால் யாரும் பார்க்கப் போவதில்லை. என் ஒப்பந்தமும் அடுத்த மாதம் முடிகிறது. வீட்டில் உட்கார்ந்து நான் எதை எண்ணுவேன்? ஒரு டீ ஆறும் வரை அப்படியே இருந்தேன். பிறகு எழுந்தேன். பொறுப்பாளர் அறைக்கு எழுபத்து நான்கு எட்டு.

அவர் முழுதும் கேட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏன் சார் இந்த வயசுல இதெல்லாம்? விடுங்க, 'முறை'ன்னு மாத்திப் போட்டுருவோம். யாரு பேரும் வராதுல்ல?"

"முறைன்னு போட்டா கமிட்டி உக்காரணும். எத்தனை நாள் ஆகும்?"

"அது ஆகும், ஒரு மாசம், ரெண்டு மாசம்."

"அதுவரைக்கும் அந்தம்மா மெமோ?"

அவர் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"நீங்க போட்ட டிக் சரிதான்" என்றேன். "ஆள்தான் காரணம். ஆள் வேற. பேரை மட்டும் மாத்துங்க."

"தப்பாப் பேரு எழுதிட்டேன்னு என்னையத்தானே கேப்பாய்ங்க?"

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

ஒரே கோடாக அந்தப் பெயரை அடித்து, மேலே என் பெயரை எழுதினார். பதிவின் இரண்டு பக்கத்தையும் பின்னால் குத்திவைத்தேன். மெமோ கிழிந்தது. வெள்ளிக்கிழமை பட்டியலில் அந்த அம்மாளின் பெயர் பதினோராவது. போர்டில் ஒட்டியதும் நானே எண்ணிப் பார்த்தேன்.

சனிக்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் பக்கத்தில் வந்தார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

"ஏன் சார், இனிமேயாவது எரியுமா அந்த லைட்டு?"

"எரியும். பேரை மாத்திட்டேன். பூஜ்யத்தையும் எடுத்துட்டேன்."

"நீங்க மாத்துனீங்க, சரி. எரிய வச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில் எண்ணெயைச் சூடாக்கி, அந்த அம்மாளையே விளக்கின் முன்னால் நிறுத்தினேன். எண்பத்தொன்றில் எரிந்தது. மீதி இருபத்திரண்டையும் அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். இன்றோடு பதினான்கு. ஒப்பந்தம் முடிய ஆறு நாள் இருக்கிறது; நீட்டுவதைப் பற்றி யாரும் இதுவரை பேசவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பார்த்தால் முடிந்துவிடும்.