உப்பு ஊற்றருகே ஊதிய விசில்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். ரயில் நேரம் பார்த்தே பழகிய கண்ணுக்கு அது மறக்கவில்லை. சங்கிலிக் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னால் வந்துகொண்டிருந்த என் மகளைக் காணவில்லை.

அப்போது நான் லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் ஸ்டேஷன் மாஸ்டர். வேட்டை தடை செய்யப்பட்டிருந்த பக்கத்துக் காட்டுக்குக் காவலராக ஒருவர் இருந்தார். முன்பு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். அங்கே பெற்ற மண்டோர் என்ற பட்டம் காட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பன்னிரண்டு வயதான என் மகளுக்குப் பறவைப் பைத்தியம். அவள் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு விடுமுறை நாளில் அவரோடு புறப்பட்டோம். உப்பு ஊற்று ஒன்றை, மிருகங்கள் உப்பு மண் நக்க வரும் சேற்றுப் பள்ளத்தை, அவர் காட்டினார். மான் குளம்புகளின் மேல் ஒரு புலியின் பாதம் புதிதாகப் பதிந்திருந்தது. “நேத்து ராத்திரி வந்திருக்காரு. இப்ப நல்லாத் தூங்குவாரு” என்றார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும் வழியில் ஓர் இருவாய்ச்சி, எஞ்சின் நீராவி விடுவதுபோல் இறக்கையடித்துத் தலைக்கு மேலே போயிற்று. அதைத் தொடர்ந்துதான் அவள் பாதையை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

மண்டோர் வந்த வழியே ஓடிப் பார்க்கப் போனார். நான் கத்தினேன். சில்வண்டுகளின் இரைச்சலில் என் குரல் பத்தடி தாண்டவில்லை. எப்போதும் சட்டைப்பையில் கிடக்கும் ஸ்டேஷன் விசிலை எடுத்து ஊதினேன். காத்திருந்தேன். மறுபடி ஊதினேன். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. மண்டோர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“அலமாக்! எதுக்கு ஐயா இப்படி ஊதுறீங்க?”

“சத்தம் வாற பக்கமாப் பிள்ளை வந்திடுவாள்.”

“வந்துச்சா? வீட்டுல ஊதுனா புள்ள என்னா செய்யும்?”

விசிலை உதட்டிலிருந்து எடுத்தேன். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து தண்டவாளம் பத்தடிதான். விசில் கேட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ரயில் போய், நான் வந்து கையைப் பிடிக்கும்வரை அசையக் கூடாது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளை அப்படித்தான் பழக்கியிருந்தேன். ஒரு நாளும் அவள் மீறியதில்லை என்று ஊரெல்லாம் பெருமை வேறு பேசியிருக்கிறேன். புலி நடமாடும் காட்டில் ஒவ்வொரு முறை ஊதியபோதும் அவள் கால்களை நானே கட்டிப்போட்டிருக்கிறேன்.

மண்டோர் அசரவில்லை. “நல்லதாப் போச்சு ஐயா. நடந்துகிட்டே இருந்தாத்தான் எனக்குப் பயம். நிக்கிற புள்ளயப் புடிச்சிருவேன். நீங்க இங்கயே உக்காருங்க. நீங்களும் தொலஞ்சா ஒருத்தனா ரெண்டு பேரத் தேட முடியாது லா” என்று சொல்லிவிட்டு, இருவாய்ச்சி பறந்த திசையில், மிதிபட்ட செடிகளைக் குனிந்து பார்த்தபடி போனார். எத்தனையோ பெரிய உத்தியோகத்தர்களின் கீழ் வேலை செய்திருக்கிறேன். அந்த நிதானத்தை வேறு எவரிடமும் கண்டதில்லை. இன்று மகள் வளர்ந்துவிட்டாள். தோழிகளோடு மலையேறப் போகிறாள். போகாதே என்று நான் சொல்வதில்லை. அவள் திரும்பும்வரை வாசலைவிட்டு நகர்வதுமில்லை.

அன்று ஐந்து மணிக்குச் சற்று முன் செடிகள் விலகின. மண்டோர் வந்தார். அவர் முதுகில், அட்டை கடித்த கால்களில் இரத்தம் வழிய, அவள். நான் எழுந்து ஓடி அவள் கையைப் பிடித்தேன். அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

“அப்பா, ரயில் போயிட்டுதோ? இனி நான் அசையலாமோ?”