ஆறே கால் மணிக்குப் பேசுகிறவள்

கதை கட்டத் தெரிந்திருந்தால் நான் ஏன் லாண்டரியில் உட்கார்ந்து ரசீது கிழித்துக்கொண்டிருக்கிறேன்? இது நடந்தது. என் மேஜைக்கு நாலடி தள்ளி நின்று இஸ்திரி போடுகிறாளே, அவளுக்கு நடந்தது. அவளுடைய அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேமராவையும் பார்த்திருக்கிறேன். என் கையால் தொட்டுவிட்டு அன்று முழுவதும் கை கழுவிக்கொண்டே இருந்தேன். நம்பாதவர்கள் கடைக்கு வந்து அவளையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சாயங்கால வேளையில் வராதீர்கள், அவள் பேச மாட்டாள்.

கடையில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஃபாரினக்கா. பதினோரு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவள். வெளிநாடு என்றதும் ஏதோ கண்ணாடி மாளிகையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டினாள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் சலவைதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் ராத்திரி ஷிஃப்ட். இஸ்திரி மெஷினின் உருளைகளுக்கு நடுவிலிருந்து படுக்கை விரிப்பு சுடச்சுட வெளியே வரும். அதை இழுத்து மடித்து அடுக்க வேண்டும். விடிந்ததும் அறைக்கு வந்து விழுந்தால் பகலில்தான் கண் திறப்பாள். அவளுக்கு அங்கே விழிப்பு வரும் நேரம், நமக்கு இங்கே சாயங்காலம் ஆறே கால்.

எழுந்து பல்கூடத் துலக்க மாட்டாள். படுத்தபடியே போனை எடுப்பாள். இங்கே அவள் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே பலகையில், தம்பி வாங்கி மாட்டிய கேமரா ஒன்று இருந்தது. கைக்குள் அடங்குகிற வெள்ளை உருண்டை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அங்கிருந்து அவள் பார்க்கும்போது அதில் ஒரு நீல விளக்கு எரியும். அதன் வழியாகப் பேசவும் செய்யலாம். "ம்மா, சாப்டியா? மாத்திரை போட்டியா?" என்று அது கேட்கும். அம்மா அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்வாள்.

அம்மா லேசுப்பட்டவள் இல்லை. கேமரா வந்த புதிதில், "எனக்கே வீட்டுக்குள்ள ஒற்றன் வைக்கிறீங்களா?" என்று தம்பியை ஒரு வழி பண்ணிவிட்டாள். போகப் போக என்ன ஆனதென்றால், ஆறு மணி ஆனதும் தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கேமராவுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். மகள் பார்க்கிறாளாம். பார்க்கிறபோது பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா?

இப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் ரொம்பப் பலவீனம், இனிமேல் கூட ஆள் இருப்பது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஃபாரினக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வேலையை விட்டாள், அறையைக் காலி செய்தாள், வந்துவிட்டாள். புருஷன், பிள்ளை என்று அவளுக்கு யாரும் கிடையாது. தம்பி தனிக் குடித்தனம். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு அம்மா. இருக்கிற மிச்சக் காலத்தை அம்மாவோடு கழிக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் சும்மா இருந்தால் சோறு யார் போடுவது? வந்த பத்தாம் நாள் எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போனால் வீடு திரும்ப ராத்திரி எட்டு ஆகிவிடும். கேமராவுக்கு இனி என்ன வேலை? போனிலிருந்து அந்த ஆப்பை அழித்தாள். தம்பி நெட் இணைப்பையே நிறுத்திவிட்டான். உருண்டை மட்டும் பலகையிலேயே கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க யாருக்கும் சோம்பல்.

கடைக்கு லீவு விட்ட ஒரு நாள் அவள் வீட்டில் இருந்தாள். ஆறு மணிக்கு அம்மா எழுந்து தலை வாரினாள். பவுடர் போட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழக்கதோஷம் என்று நினைத்து ஃபாரினக்கா சிரித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா, "இன்னிக்கு வர மாட்டா போல" என்று முணுமுணுத்தபடி எழுந்து போனாள். யார் வர மாட்டாள் என்று இவளும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ராத்திரி வீட்டுக்குப் போனதும் வழக்கம்போல மாத்திரை டப்பாவை எடுத்தாள்.

"போட்டாச்சுடி. நீதான சாயங்காலம் ஞாபகப்படுத்தின?"

"நானா? நான் கடையிலதான இருந்தேன்?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆமா... நீ இல்ல. அவ."

வயசாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று ஃபாரினக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் தேற்றிக்கொள்வார்கள். ஆனால் அடுத்த நாள் அம்மா சாப்பிட்டுக்கொண்டே சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"பாவம், அங்க மூணாம் நம்பர் மெஷின் நின்னுபோச்சாம். எல்லாத்தையும் கையாலயே தேய்க்கிறாளாம். தோள்பட்டை விட்டுப்போச்சுங்கிறா."

மறுநாள் கடையில் வேலைக்கு நடுவே, அங்கே பக்கத்து அறையில் தங்கியிருந்த தோழிக்கு ஃபாரினக்கா ஒரு மெசேஜ் தட்டினாள். அந்தப் பெண் இன்னும் அதே சலவைப் பிரிவில்தான் வேலை பார்க்கிறாள். மெஷினெல்லாம் நல்லா ஓடுதா என்று விளையாட்டாகக் கேட்டிருந்தாள். பதில் உடனே வந்தது. போனை என்னிடம் நீட்டினாள்.

"மூணாம் நம்பர் நாலு நாளா ஓடலக்கா. எங்க தோளெல்லாம் போச்சு. உங்களுக்கு அதுக்குள்ள யார் சொன்னது?"

இஸ்திரிப் பெட்டியின் கீழே ஒரு சட்டை கருகியது. முதலாளி கத்தினார். அது அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

தம்பிக்குப் போன் போட்டாள். "நீ ஏதாவது விளையாடுறியாடா?"

"எனக்கு வேற பொழப்பில்லையா? கனெக்‌ஷனே இல்லக்கா. அது இப்ப வெறும் பிளாஸ்டிக்."

அன்று தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினாள். மாடிப்படி ஏறும்போதே வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல். அதற்குப் பதிலாக இன்னொரு குரல். ஃபாரினக்காவின் கால் அப்படியே நின்றது.

அவளுடைய குரல்.

பிறகு என்னிடம் சொன்னாள். "நம்ம குரல ரெக்கார்டு பண்ணிக் கேட்டா நமக்கே அது வேற யாரோ மாதிரி இருக்கும்ல? இது அப்படி இல்ல. நான் பேசும்போது என் தலைக்குள்ள எனக்கு எப்படிக் கேக்குமோ, அப்படிக் கேட்டுச்சு."

சாவியைப் போட்டுத் திறந்தாள். பேச்சு நின்றது. பலகை மேலே நீல வெளிச்சம் சட்டென்று அணைந்தது. அம்மாவின் முகமும் கூடவே அணைந்தது.

"நீ ஏன் இப்ப வந்த?"

பெற்றவள் கேட்கிற கேள்வியா இது? ஃபாரினக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உனக்காகத்தானம்மா எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்!"

"வந்த. வந்து மாத்திரைய நீட்டுற, அடுப்பப் பாக்குற, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குற. அவ அப்படியா? என் முகத்தப் பாத்துப் பேசுறா."

பொய்யாக இருந்தால் பரவாயில்லை. அத்தனையும் உண்மை.

ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவைப் பிடுங்கினாள். மறுநாள் கடைக்கு எடுத்து வந்தாள். பக்கத்துக் கடை மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர் எப்பவோ எரிஞ்சுபோச்சு. தூக்கிப் போடுங்க" என்றான். நான் கையில் வாங்கிப் பார்த்தேன். வயர் இல்லை, பேட்டரி போட இடமும் இல்லை. ஆனால் உருண்டை சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையில் பொத்தி வைத்திருந்த மாதிரி.

"தூக்கிப் போட்டுடுக்கா" என்றேன்.

அவள் போடவில்லை. யார் கையிலாவது கிடைத்து, அது அங்கே போய் "ம்மா" என்று கூப்பிட்டால்? வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் துணிக்கடியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த நாள் மதியத்தோடு வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறு மணி. அம்மா தலை வாரினாள். பவுடர் போட்டாள். காலிப் பலகைக்கு நேரே உட்கார்ந்தாள்.

ஃபாரினக்கா எதிரில் போய் உட்கார்ந்தாள். "இன்னிக்கு என்கிட்டப் பேசும்மா."

"சரி, பேசு."

பேச வாயெடுத்தாள். எதுவும் வரவில்லை. பதினோரு வருஷம் தினமும் பேசியவள்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்தது இரண்டே வாக்கியம்.

"சாப்டியா?... மாத்திரை போட்டியா?"

அம்மா காலிப் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

ஆறே கால்.

டக்.

படுக்கையறையில்... பீரோவுக்குள்.

க்ர்ர்ர்... துணியில் உரசிக்கொண்டு எதுவோ திரும்புகிற சத்தம்.

"ம்மா?"

இருவரும் அசையவில்லை.

"ம்மா... ஏன் இருட்டா இருக்கு?"

மூச்சு வாங்காமல் நாலு அடி நடக்க முடியாத அம்மா விறுவிறுவென்று எழுந்து போனாள். பின்னாலேயே இவளும் ஓடினாள்.

"பீரோவத் திறடி. பாவம், பயப்படுறா."

"ம்மா, இங்க பாரு... நான் இங்க இருக்கேன். நான்தான் உன் பொண்ணு." அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே மறுபடியும் க்ர்ர்ர்... பிறகு அந்தக் குரல் தாழ்ந்தது.

"ம்மா... பக்கத்துல யாரு?"

அம்மா திரும்பி இவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"யாருமில்ல பாப்பா. நீ பேசு."

பயமே வரவில்லை என்றாள் ஃபாரினக்கா. வயிறுதான் எரிந்ததாம். பீரோ சாவியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இரண்டு பேரும் பேசுவது கேட்டது. காதைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவைத் தடுக்கவில்லை. சாயங்காலங்களில் அம்மாவின் முகம் தெளிந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினாள். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி வீடு திரும்பியபோது அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. வாரிய தலை கலையவில்லை. மடியில் இருந்த கேமராவும் சில்லென்றிருந்தது. அது அதற்கப்புறம் பேசவே இல்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். ஃபாரினக்காவின் போன் அடித்தது. அங்கிருந்து அந்தத் தோழி. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்திலேயே நின்றதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க... நீங்க போனதுலேர்ந்து உங்க ரூம் பூட்டித்தான் கிடக்கு. யாரும் குடி வரல. ஆனா மத்தியானம் ஆனா உள்ள யாரோ பேசுவாங்க. உங்க குரல் மாதிரியே இருக்கும். பயத்துல நான் யார்கிட்டயும் சொல்லல."

ஃபாரினக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்லேர்ந்துக்கா... ரெண்டு பேர் பேசுறாங்க. இன்னொண்ணு வயசானவங்க குரல்."

நான் ரசீதுக் கட்டைக் கீழே வைத்தேன். ஃபாரினக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அவங்களுக்கு மூச்சு வாங்குதா?"

"இல்லக்கா... நல்லா சிரிச்சுப் பேசுறாங்க. இப்பக்கூட."

"போனக் கதவுகிட்ட வை."

வைத்தாள். ஃபாரினக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது, உதடு மட்டும் சிரித்தது. என்ன பேசினார்கள் என்று பிற்பாடு கேட்டேன். "நான் பேசணும்னு நினைச்சு வச்சிருந்ததெல்லாம் அவ பேசிட்டிருந்தா" என்றாள்.

திடீரென்று அவள் சிரிப்பு நின்றது.

அங்கே பேச்சு நின்றுவிட்டதாம். நாற்காலி நகர்ந்ததாம். கதவை நோக்கி மெதுவாகக் காலடிச் சத்தம்... கிட்டே... இன்னும் கிட்டே... கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதாம். மூச்சு வாங்காத, தெளிவான, அவளுடைய அம்மாவின் குரல்.

"யாரது?"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பெற்றவள் கேட்டால் நாம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். யோசிக்காமல் வாயில் வந்துவிடும். ஃபாரினக்கா வாயைத் திறந்தாள், நான் பார்த்தேன். "நான்தாம்மா" என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.