குடும்பத்துக்காரங்க மட்டும் நில்லுங்க

“இவங்க எங்க நிப்பாங்க?”

கேட்டது ஓர் இளம்பெண். கேட்ட இடம் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோ.

ஸ்டுடியோ அத்தையுடையது. தெருவுக்கே அவள் அத்தைதான். படம் எடுக்க யார் வந்தாலும், “குடும்பத்துக்காரங்க மட்டும் நில்லுங்க, மத்தவங்க பையப் புடிச்சுக்கிட்டு ஓரமா வாங்க” என்று ஆரம்பிப்பாள். பல்லைக் காட்டாத கிழவரையும் சிரிக்க வைத்துவிடுவாள். தான் மட்டும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டாள். கேமராவுக்குப் பின்னால் நிற்பவளை யார் தேடப்போகிறார்கள்?

பக்கத்தில் வெள்ளைக் குடையைச் சாய்த்து வெளிச்சம் பிடிப்பவள் லைட்டக்கா. இளவயதில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவள். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிவிட்டதால் திரும்பத் திரும்ப வரவேண்டியிருந்தது. வேண்டுமென்றே மூடினாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கடைசியில் வந்தவள் போகவேயில்லை. மாடியில் ஒரே அறை, ஒரே சமையல், ஒரே சண்டை. தெருக்காரர்களுக்கு அவள் ‘உதவிக்கு இருக்கிறவள்’. அத்தையின் அண்ணனுக்கு ‘தங்கச்சியோட ஃப்ரெண்டு’.

ஒரு பெண்ணுக்குப் பெண் மேலேயே காதல் வந்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது அத்தைக்குத் தலை நரைத்த பிறகுதான் தெரிந்தது. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பழைய பத்திரிகை ஒன்றில் படித்துவிட்டு ஓடிவந்தாள்.

“நம்மள மாதிரி இன்னும் ஆளுங்க இருக்காங்களாம்டி!”

“அது கெடக்கட்டும், பல்லப் புடுங்கினாங்களா இல்லையா?” என்றாள் லைட்டக்கா.

அண்ணன் மகள் கதை தலைகீழ். மீசை வைத்த நடிகர்களைப் பற்றித் தோழிகள் உருகியபோது தனக்கு ஏன் உருகவில்லை என்று கைப்பேசியில் தேடி, அந்தப் பெயரைப் பள்ளியிலேயே கண்டுபிடித்தாள். வீட்டிலும் போட்டு உடைத்தாள். அம்மா அழுதாள். அப்பா பேச்சை நிறுத்தினார், பிறகு பேசினார். காதலிக்க ஆள் கிடைத்ததுதான் கடைசியில். அத்தைக்கோ ஆள் முதலில் வந்தாள், பெயர் கடைசியில் வந்தது.

“இத்தன வருஷம் ஏன் அத்த யார்கிட்டயும் சொல்லல? பயமா?” விஷயம் தெரிந்த அவள் ஒருநாள் கேட்டாள்.

“பயப்படுறதுக்குக்கூட ஒரு பேரு வேணும்லடி.”

அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கூடத்தில் மாட்டக் குடும்பப் படம் வேண்டுமென்று எல்லோரையும் அழைத்துவந்தார். “அவ நிக்கலன்னா நானும் நிக்கமாட்டேன்” என்று மகள் சொன்னதால் அவள் காதலியும் வந்திருந்தாள். அத்தை வாய்ப்பழக்கத்தில், “குடும்பத்துக்காரங்க மட்டும்…” என்றாள். லைட்டக்கா எல்லோர் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாகப் போனாள். அதைப் பார்த்துத்தான் அந்தக் காதலி கேட்டாள், இவங்க எங்க நிப்பாங்க என்று.

“நான் நின்னா லைட்ட யாரும்மா புடிப்பா?” என்று லைட்டக்கா சிரித்தாள். உதட்டோடு நின்றுவிட்ட சிரிப்பு.

அத்தை அண்ணனைப் பார்த்தாள். மகளை ஏற்றுக்கொள்ளவே அண்ணன் படாதபாடு பட்டவர். இன்னொன்றையும் தாங்குவாரா, எழுந்து போய்விடுவாரா? சும்மா இருந்துவிட்டால், அண்ணன் வீட்டுச் சுவரில் இவள் என்றைக்குமே இல்லை.

கேமரா தானாகவே படம் எடுக்கும்படி அத்தை டைமரை வைத்தாள்.

“எம் பக்கத்துல நிப்பா. அவ ஃப்ரெண்டு இல்லண்ணே, என் குடும்பம்.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு லைட்டக்காவைப் பார்த்து, “டைமர் ஓடுதுல்ல? பையக் கீழ வச்சுட்டு வாம்மா சீக்கிரம்” என்று அதட்டினார். அண்ணி நகர்ந்து இடம் விட்டாள்.

குடை பிடிக்க ஆளில்லாததால் படத்தில் பாதி முகங்கள் இருட்டு. அண்ணி ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். லைட்டக்கா கண்ணை மூடியிருக்கிறாள்.

“இப்பவும் வேணும்னுதான் மூடினியா?”

“அப்பதான மறுபடி எடுக்க எல்லாரும் வருவாங்க.”

மறுபடி எடுக்கவில்லை. அந்தப் படம்தான் கூடத்தில் தொங்குகிறது.

உங்கள் வீட்டிலும் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற ஒருவர் இருக்கலாம். அவர் காதிலும் விழும்படி, இந்தக் கதையை யாரிடமாவது கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.