பி.டி. டீச்சருக்கு நற்கருணை

அவள் பயப்படாத பொருள் ஏதாவது உண்டா என்று அவளுடைய அண்ணனைக் கேட்டால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தலையணை" என்பான். நாய்க்குப் பயம். தெரியாத நம்பரிலிருந்து வரும் போனுக்குப் பயம். இறங்க வேண்டிய இடம் வந்தும் பஸ்ஸில் வாயைத் திறந்து சொல்லப் பயம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாள். அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். மகள் எந்தக் கட்டடத்திலும் மாடிப்படி ஏறியே போவதில் அந்த மனிதருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வீட்டில் அவளுக்குப் பெயரே பயந்தாங்கொள்ளி.

இப்படிப்பட்டவள், கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு, வேறு ஊரில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஒரு வருடம் தங்கித் தொண்டு செய்யப் போகிறேன் என்று கிளம்பினாள். இளைஞர்களுக்கான பயிற்சித் தொண்டு என்று மறைமாவட்டமே நடத்தும் ஏற்பாடு அது. "ஒரு வருஷம்னு போயிட்டு அங்கேயே சிஸ்டராகிட மாட்டியேடி?" என்று அம்மா பஸ் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். மகளின் கணக்கு வேறு. ஆபீஸ் என்றால் மேனேஜருக்குப் பயப்பட வேண்டும், பள்ளிக்கூடம் என்றால் பிள்ளைகளுக்குப் பயப்பட வேண்டும். கோயிலுக்குள் பயப்பட என்ன இருக்கிறது? ஒரு கோயிலுக்குள் எத்தனை விதமாகப் பயப்படலாம் என்பது பாவம் அவளுக்கு அப்போது தெரியாது.

போன முதல் வாரமே பைபிள் வாசகம் வாசிக்க மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவள் குரல் நடுங்கியதில் தீர்க்கதரிசியின் எச்சரிக்கை மெய்யாகவே எச்சரிக்கை போலக் கேட்டது என்று பங்குத்தந்தை பாராட்டினார். அடுத்த வாரம் பாட்டு வரிகளைத் திரையில் போடும் வேலை. காணிக்கைப் பாட்டு வர வேண்டிய இடத்தில் கழிப்பறை பராமரிப்பு அறிவிப்பு வந்து, பாடகர் குழு முதல் வரியைப் பாடியும் விட்டது. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் அவளைக் கண்டதும் ஆளை எடை போட்டுவிட்டார்கள். அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் அவளுக்குச் சின்ன சிஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். இதை அம்மாவிடம் போனில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பங்குத்தந்தை நல்லவர், ஆனால் நின்று பேச மாட்டார். நடந்துகொண்டே வேலை சொல்வார், கேட்பவர் பின்னால் ஓட வேண்டும். அப்படி ஒரு நாள் கல்லறைத் தோட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் அவர் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நோயாளிங்களுக்கு நற்கருணை நீ கொண்டு போம்மா. பிஷப்கிட்ட அனுமதி வாங்கியாச்சு." அவள் நின்றுவிட்டாள். அவர் போய்விட்டார்.

கத்தோலிக்கர்களுக்கு அது வெறும் அப்பம் அல்ல, ஆண்டவரின் உடல். சின்னச் சிமிழில் வைத்து, கழுத்தில் தொங்கும் பையில் போட்டு, வழியில் வம்பு பேசாமல், யார் வீட்டிலும் காபி குடிக்காமல் நேரே கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவர் கோயில்பிள்ளை. கோயிலின் சாவி, மெழுகுவர்த்தி, திருவுடை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. கடவுளுக்கும் அவர்தான் பொறுப்பு என்பது போல நடந்துகொள்வார். "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ," என்றார். "ஒரு துகள்கூடக் கீழே விழக் கூடாது. போன வருஷம் வந்த பையன் மாடிப்படியில போட்டுட்டான். நான் முட்டி போட்டுத் தேடி எடுத்து, அந்தப் படியக் கழுவி, அந்தத் தண்ணியையும் செடிக்கு ஊத்தினேன். அவன் இப்போ எங்க இருக்கான்னே தெரியல."

அந்தப் பையன் எங்கோ வேலைக்குப் போயிருப்பான். ஆனால் அவளுக்கு என்னவோ அவனைப் பூமி விழுங்கிவிட்டதைப் போலவே தோன்றியது.

முதல் ஞாயிறு அவள் நெஞ்சில் கையை வைத்து அழுத்தியபடி பஸ்ஸில் நின்றாள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்து, "நெஞ்சு வலியாம்மா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று விசாரித்தார். பதில் சொன்னால் வம்பு பேசியதாகுமோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அவளுக்காகவே டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னார்.

கடைசி வீடு பி.டி. டீச்சருடையது. பங்கில் பாதிப் பெண்கள் அந்த அம்மாளின் விசிலுக்கு ஓடி வளர்ந்தவர்கள். பிரசங்கம் நீண்டால் முதல் வரிசையிலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவாராம். பங்குத்தந்தை உடனே ஆமென் சொல்லிவிடுவாராம். இப்போது பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிச்சம் இருந்தவை நாலைந்து சொற்கள். கண் மட்டும் பழைய கண். அந்தக் கண்ணால் அவர் சின்ன சிஸ்டரின் கசங்கிய துப்பட்டாவைப் பார்த்த பார்வையில், இவள் அங்கேயே அதை நீவிச் சரிசெய்தாள்.

டீச்சரின் மகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவரின் இணையம் ஏன் வேலை செய்யவில்லை என்று நாள் முழுக்க விளக்குவாள். அவள் ஒரு நிமிடம் அதைக் கழற்றிவிட்டுத் தெளிவாகத்தான் சொன்னாள்: "அம்மாவுக்கு முழுங்க வராது. மாத்திரையக்கூடப் பொடி பண்ணித்தான் தரேன். அப்பத்தையும் ரொம்பச் சின்னதா உடைச்சுக் குடுங்க." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

சின்ன சிஸ்டர் செபம் சொன்னாள். சிமிழைத் திறந்தாள். அப்பத்தை இரண்டு விரல்களுக்கு நடுவில் எடுத்து உடைக்கப் போனபோது கண் போர்வையில் விழுந்தது. கம்பளிப் போர்வை, முழுக்க நார் நாராகச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. உடைத்தால் துகள் உதிரும். உதிர்ந்தால் அதில் எங்கே போய்த் தேடுவது? கோயில்பிள்ளை முட்டி போட்டு நிற்பது கண்முன் வந்தது. மெல்லியதுதானே, நாக்கில் வைத்தால் தானே கரைந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முழு அப்பத்தையும் டீச்சரின் நாக்கில் வைத்தாள்.

சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு டீச்சரின் கண் பெரிதானது. தொண்டையிலிருந்து தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்தது போல ஒரு சத்தம். முகம் சிவந்து, சிவப்பு கறுத்து, இடக்கை காற்றைப் பிடித்து இழுத்தது. கூப்பிட வேண்டும் என்று சின்ன சிஸ்டருக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒருத்தி கண்ணெதிரே மூச்சுக்குத் தவிக்கும்போது தான் செய்தது அவ்வளவுதான் என்பதைப் பின்னால் எத்தனை முறை நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசும்.

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். ஹெட்செட் கம்பி இழுபட்டு ஏதோ உடைந்தது. தாயை ஒருக்களித்துச் சாய்த்து, முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டி, வாய்க்குள் விரலை விட்டு வழித்து எடுத்தாள். டீச்சருக்கு மூச்சு வந்தது, கூடவே இருமலும். மகளின் உள்ளங்கையில் எச்சிலோடு அப்பம் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"இத நான் என்ன பண்றது?"

"தண்ணி... ஒரு டம்ளர் தண்ணி..." அதுவரை வராத வாய் அதற்கு மட்டும் வந்தது. தண்ணீரில் போட்டுக் கரைய விட்டுச் செடியடியில் ஊற்ற வேண்டும் என்பது சொல்லிக்கொடுத்த பாடம்.

மகள் டம்ளரைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "சின்னதா உடைச்சுக் குடுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"துகள் கீழ விழுந்துடுமோன்னு..."

"துகள் விழுந்துடுமோன்னு பயந்தீங்களா? எங்கம்மா போயிருப்பாங்களே!"

அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் கோயில்வரை நடந்தே வந்தாள். தண்ணீர் தளும்பாமல் பார்த்துக்கொண்டாள். அழுகை மட்டும் தளும்பியது.

பங்குத்தந்தை முதன்முறையாக உட்கார்ந்து கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "சிலுவையத் தூக்கிட்டுப் போறப்போ மூணு தடவை விழுந்தவரும்மா அவரு," என்றார். "துகளா விழுந்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." நல்ல பேச்சுதான். ஆனால் அவளுடைய பயம் இப்போது வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. நுரையீரலுக்குள் ஏதாவது போயிருந்தால் காய்ச்சல் வரலாம், சில நாள் கழித்துத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அந்த வாரம் முழுக்க அலுவலக போன் அடிக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. நான் ஒருத்தியைக் கொன்றுவிட்டேனா என்ற ஒரே கேள்வியோடு பூ வைத்தாள், நாற்காலி அடுக்கினாள். சோறு இறங்கவில்லை. இறங்காத ஒவ்வொரு கவளத்துக்கும் டீச்சரின் கண் ஞாபகம் வந்தது.

காய்ச்சல் வரவில்லை. அது தெரிந்த அன்றே அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். ஊருக்குப் போகிறேன், என்னால் முடியாது, இனி ஒருவர் வாயருகே என் கை போகாது என்று பங்குத்தந்தையிடம் சொன்னாள். அவர் தடுக்கவில்லை. "போகலாம். திங்கக்கிழமை நானே பஸ் ஏத்தி விடறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வந்துடு. மக போன் பண்ணினாங்க."

"வேற யாரையாவது அனுப்புங்க ஃபாதர். ப்ளீஸ்."

"நானும் சொன்னேன். அந்தப் பொண்ணே வரட்டும்னுட்டாங்க. புது ஆளுக்கு மறுபடி முதல்லேர்ந்து சொல்லிக் குடுக்க அவங்களுக்குத் தெம்பு இல்லையாம்."

ஞாயிறன்று மகள் கதவைத் திறந்து, ஒரு ஸ்பூனையும் கொஞ்சம் தண்ணீரையும் நீட்டினாள். இந்தத் தடவை அடுத்த அறைக்குப் போகவில்லை. ஹெட்செட்டும் காதில் இல்லை. கட்டில் தலைமாட்டைத் தூக்கி, தாயை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

சின்ன சிஸ்டர் சிமிழை வெளியே எடுத்தாள். அதைக் கண்டதும் டீச்சர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"அம்மா, நற்கருணைம்மா," என்றாள் மகள். உதடு இன்னும் இறுகியது. இடக்கை போர்வையைப் பற்றிக்கொண்டது. சின்ன சிஸ்டர் டீச்சரின் கண்ணில் இருந்ததைக் கண்டாள். அவள் பிறந்ததிலிருந்து சுமந்துகொண்டு திரிவதுதான் அது, அடையாளம் தெரியாமல் இருக்குமா? ஊரையே விசிலடித்து ஓடவிட்ட அந்த அம்மாள் பயந்து போயிருந்தார். ஆண்டவரைக் கண்டு பயந்தாரா, இவளைக் கண்டு பயந்தாரா? எதுவானாலும் அந்தப் பயத்தை அந்த வாயில் வைத்தது இந்தக் கை.

ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. கதவு பக்கத்தில்தான் இருந்தது.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "டீச்சர், எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். சிமிழுக்கு மேலேயே கையை வைத்து அப்பத்தை உடைத்தாள். அரிசிக் குருணை அளவு ஒரு துண்டை ஸ்பூனில், தண்ணீரில் போட்டாள். நோயாளிக்குக் கொடுத்த பிறகு மீதியைக் கொடுப்பவரே உட்கொள்ள வேண்டும் என்பது ஒழுங்கு. அவள் வரிசையை மாற்றினாள். டீச்சர் பார்க்கும்படி மீதியை முதலில் தன் வாயில் வைத்து, மென்று, விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். மருந்து குடித்துவிட்டுத் தாயிடம் காட்டும் குழந்தை மாதிரி.

டீச்சர் அந்த வாயை வெகுநேரம் சோதித்தார். பிறகு அவருடைய உதடு பிரிந்தது, முழுக்க அல்ல, ஸ்பூன் நுனி போகும் அளவுக்கு.

கொடுத்தாள். மகளும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுருங்கிய தொண்டையையே பார்த்தார்கள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். வரவில்லை. மகள் தலையணையில் நெற்றியை முட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

டீச்சர் மறுபடி வாயைத் திறந்தார். நன்றாகத் திறந்தார்.

"இன்னும்," என்றார்.

சிமிழில் ஒன்றும் இல்லை. மீதியைத் தின்றவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "தீந்துபோச்சு டீச்சர்," என்றாள், திருடி மாட்டிக்கொண்டவள் போல. டீச்சர் வாயை மூடவில்லை. பழைய கண்ணால் இவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் கண்ணுக்கு எதிரே என்ன சொல்கிறோம் என்று யோசிக்க நேரமே இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கோயிலில் அவளுடைய அறையில் கட்டிய பெட்டி இருந்தது, விடிந்தால் திங்கள். டீச்சர் திருப்தியோடு வாயை மூடிக்கொண்டார். அடுத்த ஞாயிறுக்கான பயம் அந்த இடத்திலேயே அவளுக்குத் தொடங்கிவிட்டது.