வாசலில் உட்கார்ந்த புலண்டா

மஹாலே மலையடிவாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நியாமிசிக்குப் பயம் விட்டதே இல்லை. டாங்கனிகா ஏரியில் கிளம்பும் காற்றுக்குப் பயம். காட்டிலிருந்து இறங்கும் சிம்பன்சிகளுக்கு அதைவிடப் பயம். கணவன் ஷோமாரிக்கோ வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய் அவற்றைக் காட்டுவதுதான் பிழைப்பு. பங்காளிகளைப் பற்றிப் பேசுவதுபோல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பேசுவான்.

குடியிருப்புப் பெண்கள் விடிந்ததும் சிம்பன்சிக் கூட்டம் எங்கே என்று கேட்டுக்கொள்வார்கள். மேலே என்றால் மணலில் மீன் காயப்போடலாம். கீழே என்றால் பிள்ளைகளை உள்ளே போட்டுத் தாழிட வேண்டும். குரங்குக்குட்டியைப் பிடித்துத் தின்கிற மிருகத்துக்கு மனிதக் குழந்தை என்ன கணக்கு?

அன்று ஷோமாரி, "எல்லாம் உச்சியில இருக்கு, ரிசிகி அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். கைக்குழந்தை ரிசிகி பாயில் தூங்கினாள். மத்தியானம் ஏரிக்கு மேல் வானம் கறுத்தது. காயப்போட்ட டகா பொடிமீன். ஒரு தூறல் போதும், நாறிவிடும். பக்கத்து வீட்டு ஸெனா கத்தினாள்.

"வாடி! பிள்ள தூங்குற அழகையே பாத்துக்கிட்டிருந்தா ராத்திரி உகாலிக் களிக்கு எதத் தொட்டுக்குவ? உன் புருஷன் மீசையையா?"

நியாமிசி சிரித்துக்கொண்டே கதவை வெறுமனே சாத்திவிட்டு ஓடினாள்.

கூடையோடு திரும்பியபோது வாசலில் புலண்டா உட்கார்ந்திருந்தது. கூட்டத்தை விட்டுத் தனியே திரியும் பெரிய ஆண் சிம்பன்சி. கதவைத் தள்ளித் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஸெனா வாயைப் பொத்திக்கொண்டு படகு மறைவில் சுருண்டாள்.

காட்டுப் பாதையில் ஷோமாரி வந்தான். பின்னால், சிம்பன்சிகளுக்கு நோய் தொற்றாமலிருக்க முகக்கவசம் போட்ட விருந்தாளிகள். இரண்டு பேர் ஆசையாகக் கேமராவைத் தூக்கினார்கள். அவன் கையமர்த்தி அவர்களை உட்காரவைத்துவிட்டு, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றான்.

"ஓடாத," என்றான் நியாமிசியிடம், தாழ்ந்த குரலில். "அது மூஞ்சியப் பாக்காத. உக்காந்து தரையக் கிண்டு. முதுகக் காட்டிக்கிட்டே நகரு."

உள்ளே ரிசிகி சிணுங்கினாள். புலண்டாவின் மயிர் சிலிர்த்து நின்றது.

நியாமிசி உட்கார்ந்தாள். மணலில் எதையோ பொறுக்குகிறவள்போல் விரல்களை ஓட்டியபடி, பின்பக்கமாகவே நகர்ந்தாள். அதன் வாடை மூக்கில் ஏறியது. மூச்சுச் சத்தம் பிடரிக்குப் பின்னால் கேட்டது. சட்டென்று அது எழுந்து முற்றத்து அடுப்பிலிருந்த பானையைப் பிடித்து இழுத்தது. அந்த இடைவெளியில் உள்ளே புரண்டு, கதவைத் தாழிட்டு, ரிசிகியை வாரி எடுத்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். வெளியே பானை கடகடவென்று உருண்டு கரைப்பக்கம் போய் ஓய்ந்தது.

கதவைத் தட்டினான் ஷோமாரி. "தொற. போயிடுச்சு."

"மரத்தப் புடிச்சுக்கிட்டு நின்ன."

"நான் ஓடி வந்திருந்தா அது மெரண்டு உள்ள பாஞ்சிருக்கும்."

உண்மைதான். அவளுக்கும் தெரியும். தெரிந்தும், தாழ்ப்பாள்மேல் வைத்த கை நெடுநேரம் அசையவில்லை.

திறந்தபோது அவன் உள்ளங்கைகள் மரப்பட்டையில் உரசித் தோல் கிழிந்திருந்தன. குழந்தைக்காக நீட்டினான். இரண்டு கைகளும் உதறிக்கொண்டிருந்தன.

நியாமிசி ரிசிகியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"மொதல்ல அந்தக் கை நிக்கட்டும்," என்றாள். "கீழ போட்டுடுவ."