மழையில் கரையாத பூ

காலையில் பிடுங்கிய முள்ளங்கியைச் சட்டை ஓரத்தில் துடைத்து, நுனியில் ஒரு கடி, நடுவில் ஒரு கடி கடித்து, மென்று வாளியில் துப்புகிறார் நெமோட்டோ கயோகோ. "இது எங்க மாமியார் மாதிரி. முதல்லதான் இனிக்கும்" என்று அடுத்ததைப் பிடுங்குகிறார். வீட்டில் அவர் முள்ளங்கியே சமைப்பதில்லை.

ஜப்பானின் சிபாவில், ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் இருக்கிறது மினாமோரி விதை நிறுவனத்தின் சோதனை வயல். நிறுவனத்தைத் தொடங்கியவர் யோகோஹாமா துறைமுகத்திலிருந்து லில்லிப் பூக் கிழங்குகளைக் கப்பலேற்றியவர். 1923 பூகம்பத்தில் கிடங்கு போயிற்று. உலகப் போரில் மிச்சமும் எரிந்தது. பசித்துக் கிடந்த ஊரில் பூவை யார் வாங்குவார்கள்? ஒரு வெள்ளை முள்ளங்கி விதையை விற்றுத்தான் அவர் எழுந்தார். இன்றும் விளம்பரத்தில் சிரிப்பது பூ; சம்பளம் கொடுப்பது முள்ளங்கி.

இரண்டிலும் புது ரகங்களை உருவாக்குவது கயோகோவின் பொறுப்பு. பெட்டூனியாப் பூ மழை பட்டால் ஈரக் காகிதம்போல் சுருண்டுவிடும். மழையில் கரையாத ஊதாப் பெட்டூனியாவை உருவாக்கிக் காட்டுவதாக, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தலை நரைத்துவிட்டது. "செடிக்கு மாப்பிள்ளை பார்த்தே கிழவியாயிட்டேன். பொண்ணும் தங்கம், மாப்பிள்ளையும் தங்கம். பிறக்கிறது மட்டும் அழுமூஞ்சி."

போன வருடம்தான் கூடாரத்தில் வளர்த்த சில செடிகள் நம்பிக்கை தந்தன. விதை சேகரிப்பதற்குள் புயல் வந்தது. ஆறு கரையேறி, விற்கும் விதைக்கெல்லாம் மூலமான முள்ளங்கித் தாய்விதை இருந்த கீழ்த்தளக் கிடங்கில் புகுந்தது. அப்போது அங்கிருந்தவர்கள் அவரும் உடன் வேலை செய்யும் கிதாமியும் மட்டும்தான்.

"நெமோட்டோசான், பெட்டூனியாக் கூடாரம்?" என்றார் கிதாமி.

"மழை தாங்கும்னு நான்தானே சொல்லிக்கிட்டுத் திரியறேன்? தாங்கட்டும். நீ டப்பாவைத் தூக்கு."

இருவரும் விதை டப்பாக்களை மாடிக்குச் சுமந்தார்கள். விடிந்து பார்த்தால் கூடாரம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. கயோகோ சேற்றைக் காலால் கிளறிப் பார்த்தார். "சோதனை முடிஞ்சுது. நான் ஃபெயில்" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டி தேடப் போனார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை என்பது கிதாமிக்கு மட்டும் தெரியும்.

நிறுவனத்தின் ஆண்டு விழாவில், முள்ளங்கியைக் காத்தவர் என்று தலைவர் அவரை மேடைக்கு அழைத்தார். குனிந்து வணங்கிய கயோகோ, "பூவை ஆத்தோட விட்டவளும் நான்தான். அதுக்கும் சேர்த்துக் கைதட்டிடுங்க" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இந்த ஜூன் மாத மழையில் கிதாமி அவரை வடிகால் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளம் கொண்டுபோய்ச் சேர்த்த ஏதோ ஒரு விதை முளைத்திருந்தது. ஒரே பூ. ஊதா இல்லை, வெளிறிப்போன ஏதோ ஒரு நிறம்.

"பழைய துணி மாதிரி இருக்கே" என்றார் கயோகோ.

"நேத்திலேர்ந்து நனையுது. இன்னும் சுருங்கலை."

"சும்மா சொல்லாதே. எனக்காக நீ இதுக்குக் குடை பிடிச்சிருப்பே."

பேச்சில் கேலி இருந்தாலும் குரல் இறங்கிவிட்டது. சேற்றில் மண்டியிட்டார். தன் குடை பூவுக்கும் சேர்த்து மறைப்பதை அப்போதுதான் கவனித்தார். அதை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, இதழ்மேல் மழை விழுவதைப் பார்த்தபடி நனைந்துகொண்டிருந்தார்.